முதலில் சொன்னவருக்கு என்ன ஆனது?

கேள்வி: நடுத்தர அளவு நிறுவனம் ஒன்றில் ஒரு பிரிவுக்குத் தலைவராக இருக்கிறேன். வடிவமைப்பு, கொள்முதல், சோதனை என்று மூன்று குழுக்கள். மொத்தம் 38 பேர். யாருக்கும் திறமையில் குறைவில்லை, சம்பளமும் மோசமில்லை. ஆனாலும் இரண்டு வருடமாக ஒரு ப்ராஜெக்ட்கூடச் சொன்ன தேதியில் முடிந்ததில்லை. வாராந்திர மீட்டிங்கில் எல்லாமே பச்சையாக, அதாவது ‘சரியாகப் போகிறது’ என்று இருக்கும். கடைசிப் பத்து நாளில் திடீரென்று சிவப்பாகிவிடும். மீட்டிங்கில் தலையாட்டிவிட்டு, வெளியே போய் வேறு பேசுகிறார்கள். ஒரு குழு இன்னொரு குழுவிடம் உதவி கேட்டால் ‘மெயில் போடுங்க’ என்று பதில் வருகிறது. இரண்டே பேர்தான் கடைசி நேரத்தில் ராப்பகலாக உழைத்துக் காப்பாற்றுகிறார்கள். போன வருட விருதையும் அவர்களுக்கே கொடுத்தோம். ஆறு மாதத்துக்கு முன்பு இளம் பொறியாளர் ஒருவர் மட்டும் ‘சார், இந்தத் தேதிக்கு முடியாது’ என்று முன்கூட்டியே சொன்னார். அக்கறையுள்ளவர் என்று அந்தப் பொறுப்பையே அவரிடம் கொடுத்து, தினமும் மாலை எனக்கு ரிப்போர்ட் தரச் சொன்னேன். இப்போது அவரும் மற்றவர்களைப் போல ஆகிவிட்டார். ‘இது ஆட்டிட்யூட் பிரச்சினை, இரண்டு நாள் ட்ரெயினிங் ஏற்பாடு செய்யுங்கள்’ என்கிறது நிர்வாகம். வேலை செய்பவர்களின் நடத்தை ஒரு நிறுவனத்தின் செயல்திறனை உண்மையில் எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது? நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அந்த இளம் பொறியாளரைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவரைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் பொறுப்பைக் கொடுத்திருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மற்ற 37 பேர் அன்று என்ன பார்த்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் வாயைத் திறந்தார். அவர் தலையில் கூடுதல் வேலை விழுந்தது. அது போதாதென்று தினமும் மாலை மேனேஜர் முன்னால் நின்று கணக்குச் சொல்லும் நிலையும் வந்தது. வாயைத் திறக்காதவர்கள் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினார்கள். நிர்வாகம் இரண்டு நாள் ட்ரெயினிங் கேட்கிறது. நீங்கள் ஆறு மாதத்துக்கு முன்பே ஒன்று நடத்தி முடித்துவிட்டீர்கள், அதுவும் நன்றாகவே பதிந்திருக்கிறது.

ஒருவர் வேலையில் நடந்துகொள்ளும் விதத்தை நாம் சட்டென்று அவருடைய குணத்தில் ஏற்றிவிடுகிறோம். சோம்பேறி, பொறுப்பில்லாதவர், ஆட்டிட்யூட் சரியில்லை. உளவியலாளர் கர்ட் லெவின் 1936-லேயே இதைச் சூத்திரமாக எழுதி வைத்தார்: நடத்தை என்பது ஆளையும் அவர் இருக்கும் சூழலையும் சேர்த்துப் பிறப்பது. ஆளை விட்டுவிட்டுச் சூழலை மட்டும் பார்ப்பதும் தவறு, சூழலை விட்டுவிட்டு ஆளை மட்டும் பார்ப்பதும் தவறு. நிறுவனங்களில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது தவறு. காரணம் எளிது. ஆளைக் குறை சொன்னால் ட்ரெயினிங் வைத்தால் போதும். சூழலைக் குறை சொன்னால் மேலே இருப்பவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிவரும்.

ஹாதோர்ன் ஆய்வுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்தவை. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி கூடியது என்ற கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட, 1931-ல் தொடங்கிய கடைசிக் கட்டம் முக்கியமாகப் படுகிறது. தொலைபேசி இணைப்பகங்களுக்கான கருவிகளில் கம்பி கட்டும் பிரிவைச் சேர்ந்த 14 ஆண்களை ஒரு தனி அறையில் வைத்துப் பல மாதங்கள் கவனித்தார்கள். அதிகம் செய்தால் அதிகக் கூலி என்ற ஏற்பாடு இருந்தது. அப்படியும் அவர்கள் அதிகம் செய்யவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று தங்களுக்குள்ளேயே ஓர் அளவு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டினால் ‘ரேட்டைக் கெடுப்பவன்’ என்று பட்டப் பெயர், ரொம்பக் குறைத்தால் அதற்கு வேறு பெயர். எல்லை மீறுபவரின் மேல் கையில் ஒரு குத்து விடுவதும் வழக்கமாக இருந்தது.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதற்கு அடுத்த விவரம். அந்த ஆட்களின் வேலை நாளுக்கு நாள் ஏறி இறங்கியது. ஆனால் அவர்கள் மேலே கொடுத்த கணக்கு கிட்டத்தட்ட நேர்கோடாக இருந்தது. அதிகம் செய்த நாளில் கொஞ்சத்தைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு, குறைந்த நாளில் சேர்த்துச் சொன்னார்கள். நேரடி மேற்பார்வையாளருக்கும் இது தெரியும். கண்டும் காணாமல் இருந்தார். ஏன் இப்படி? கூட்டிக் காட்டினால் ரேட்டைக் குறைப்பார்கள் அல்லது இலக்கை உயர்த்துவார்கள், மெதுவாகச் செய்யும் தோழனுக்குத் திட்டு விழும் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பயம் நியாயமானதா இல்லையா என்று இன்று வரை வாதம் நடக்கிறது. ஆனால் அவர்களில் யாரும் சோம்பேறி இல்லை. உங்கள் வாராந்திர மீட்டிங்கில் வரும் பச்சையும் இதே நேர்கோடுதான். மேலே பச்சை, வெட்டினால் சிவப்பு என்பதால் இதைத் தர்பூசணி ரிப்போர்ட் என்று ப்ராஜெக்ட் ஆட்கள் கேலி செய்வார்கள். உங்கள் ஆட்களும் சொல்லிக்கொண்டிருக்கலாம், உங்கள் காதில் விழாமல்.

இனி உங்கள் முதல் கேள்வி, எவ்வளவு தூரம் பாதிக்கிறது என்பது. சோகமான முகங்களும் உற்சாகமில்லாத சூழலும் மட்டும் ஒரு ப்ராஜெக்டைத் தாமதமாக்குவதில்லை. நடத்தை செயல்திறனைத் தொடும் முக்கியமான இடம் தகவல். கொள்முதல் குழுவில் இருப்பவருக்கு, வடிவமைப்புக் குழு 15-ஆம் தேதி என்று சொன்னால் அது 25 என்று தெரியும். அதனால் அவர் சப்ளையரிடம் 25-க்கு ஏற்றபடிதான் பேசுகிறார். கொள்முதல் எப்படியும் தாமதமாகத்தான் ஆரம்பிக்கும் என்பது வடிவமைப்பாளருக்குத் தெரியும், அவரும் அவசரப்படுவதில்லை. சோதனைக் குழு இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத் தன் பங்குக்கு ஒரு வாரத்தை மறைத்து வைத்துக்கொள்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனியே புத்திசாலித்தனமாகத்தான் நடக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் அந்த மீட்டிங் அறைக்குள் யாருமே நம்பாத ஒரு தேதியை வைத்துக்கொண்டு 38 பேர் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். இதைத் திறமையாலோ நல்ல மென்பொருளாலோ ஈடுகட்ட முடியாது. பொய்யான எண்ணை எவ்வளவு அழகாகத் திரையில் காட்டினாலும் அது பொய்யான எண்தான்.

பேசாமல் இருப்பதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கெட்ட செய்தியைச் சொன்னால் வரும் நன்மை நிறுவனத்துக்கு, அதுவும் பின்னால் எப்போதோ. சொல்வதால் வரும் சங்கடம் சொன்னவருக்கு, அதுவும் இன்றைக்கே. இந்தக் கணக்கில் மௌனம்தான் லாபம். இந்தத் துறையில் நிறைய வேலை செய்திருப்பவர் மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன். மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை அவர் ஆராய்ந்து 1996-ல் வெளியிட்டார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனார். பதிவான எண்ணிக்கையோ தலைகீழாக இருந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோது, அங்கே தவறுகளைத் தயங்காமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்ற விளக்கம் கிடைத்தது. உளவியல் பாதுகாப்பு என்று இப்போது எல்லோரும் பேசுகிற கருத்து, 1999-ல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை வைத்து அவர் எழுதிய ஆய்வுக்குப் பிறகு பரவியதுதான். ‘பாதுகாப்பு’ என்றதும் சொகுசு, செல்லம் கொடுத்தல் என்று எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பொருள் அதுவல்ல. தெரியாததைத் தெரியாது என்றும், முடியாததை முடியாது என்றும் சொன்னால் அவமானப்பட வேண்டிவராது என்ற நம்பிக்கை மட்டுமே.

சொன்னால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. சாலஞ்சர் விண்கலத்தை நினைத்துப் பாருங்கள். 1986 ஜனவரி 28-ஆம் தேதி, கிளம்பி 73 வினாடியில் உடைந்தது, 7 பேர் இறந்தார்கள். முந்தைய இரவே ராக்கெட் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இந்தக் குளிரில் தாங்காது, ஏவ வேண்டாம் என்று நாசாவுடன் நடந்த தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள். நாசா தரப்பிலிருந்து அழுத்தம் வந்ததும் தியோகால் ஆட்கள் தனியாகப் பேச அவகாசம் கேட்டார்கள். அப்போது பொறியியல் பிரிவின் துணைத் தலைவரிடம், எஞ்சினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி மேலதிகாரி சொன்னார். முடிவு மாறியது. ஏவலாம் என்று கையெழுத்தானது.

இதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரே விஷயத்தை. அன்றிரவு ஆதாரம் கேட்கப்பட்டது யாரிடம்? ‘பத்திரமாகப் போகும்’ என்றவர்களிடம் கேட்கப்படவில்லை. ‘வேண்டாம்’ என்றவர்கள்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. அடுத்த மீட்டிங்கில் இதைக் கவனியுங்கள். பச்சை என்று சொல்பவரிடம் எத்தனை கேள்வி கேட்கிறீர்கள்? சிவப்பு என்று சொல்பவரிடம் எத்தனை? பெரும்பாலான இடங்களில் பச்சைக்கு ‘வெரி குட், அடுத்து’, சிவப்புக்கு அரை மணி நேர விசாரணை. அதே சாலஞ்சரைப் பற்றிச் சமூகவியலாளர் டயான் வாகன் 1996-ல் இன்னொன்றும் காட்டினார். அந்த வளையங்கள் அரிக்கப்படுவது முந்தைய பயணங்களிலேயே தெரிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆகாமல் திரும்பியதால், பிறழ்வே வழக்கமாகிவிட்டது. உங்கள் பிரிவில் ‘கடைசிப் பத்து நாள்’ அப்படி வழக்கமாகிவிட்டதா? நீங்களே அதை ஒரு பருவகாலம் போலத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த இரண்டு பேருக்கு வருகிறேன். இதை எழுதக் கொஞ்சம் தயக்கம்தான், ஏனென்றால் அவர்கள் உண்மையிலேயே உழைத்திருக்கிறார்கள். ஆனால் விருது தனி மனிதருக்கு மட்டும் போவதில்லை; பார்க்கிற எல்லோருக்கும் போகும் செய்தி அது. தீயை அணைத்தவருக்கு மாலை, தீ பிடிக்காமல் பார்த்துக்கொண்டவரை யாருக்கும் தெரியாது. ஒன்றுக்குப் பரிசு கொடுத்துக்கொண்டு வேறொன்றை எதிர்பார்க்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றி மேலாண்மை ஆய்வாளர் ஸ்டீவன் கெர் 1975-ல் எழுதியதை மேலாண்மை வகுப்புகளில் இன்றும் படிக்கச் சொல்கிறார்கள். ஐம்பது வருடமாகப் படிக்கிறார்கள், ஐம்பது வருடமாக அதையேதான் செய்கிறார்கள். உங்கள் பிரிவில் சத்தமே இல்லாமல் தன் பங்கை முடித்துக் கொடுத்தவர் யார் என்று பழைய பதிவுகளில் தேடுங்கள். அவர் பெயர் உங்களுக்கு உடனே நினைவுக்கு வரவில்லை என்றால், அதுவே ஒரு தகவல்.

‘மெயில் போடுங்க’ என்பதில்தான் எனக்குக் கவலை அதிகம். தொழிற்சங்கங்களின் ஆயுதங்களில் ‘விதிப்படி வேலை’ என்று ஒன்று உண்டு. வேலைநிறுத்தம் கிடையாது. யாரும் விதியை மீறுவதில்லை. எழுதி வைத்திருக்கிற ஒவ்வொரு விதியையும் அட்சரம் பிசகாமல் பின்பற்றுவார்கள், அவ்வளவுதான். எல்லாம் தேங்கிப்போகும். இது எனக்கு எப்போதும் வியப்பான விஷயம். விதிகளைக் கடைப்பிடித்தால் ஒரு நிறுவனம் படுத்துவிடும் என்றால், மற்ற நாட்களில் அது எதில் ஓடுகிறது? விதிப் புத்தகத்தில் இல்லாத ஆயிரம் சின்ன வேலைகளில் ஓடுகிறது. புதிதாக வந்தவருக்குப் பக்கத்து மேசைக்காரர் சொல்லிக்கொடுப்பது, ‘அந்த வரைபடம் பழசு, புதுசு இதோ’ என்று கேட்காமலே நீட்டுவது, இன்னொரு குழுவின் தவறைக் கண்டால் போன் எடுத்துச் சொல்வது. மேலாண்மை ஆய்வாளர் டென்னிஸ் ஆர்கன் இவற்றுக்கு 1980-களில் நிறுவனக் குடிமை நடத்தை என்று பெயர் வைத்து ஆராய்ந்தார். இவை எந்தப் பணி விவரத்திலும் இருக்காது, அப்ரைசலிலும் வராது. அதனால்தான் மனம் கசந்தவுடன் முதலில் நிற்பவை இவை. நிறுத்தியவர் மேல் புகார் சொல்லவும் முடியாது. அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்கிறார்.

உங்கள் மூன்று குழுக்களிலும் யாரும் அறிவிக்காமலேயே விதிப்படி வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன். மெயில் என்பது அங்கே தகவல் தொடர்பு இல்லை, ரசீது. நாளைக்கு விசாரணை வந்தால் ‘நான் அன்றே மெயில் போட்டேன்’ என்று எடுத்துக் காட்டுவதற்கு. ரசீது கேட்கிறவர்கள் இருக்கிற இடம் என்றால், அதற்கு முன்பு யாரோ ரசீது இல்லாமல் மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். யார், எப்போது என்று கண்டுபிடியுங்கள். உங்களுக்கு முன்பிருந்த மேனேஜர் காலத்து விஷயமாகக்கூட இருக்கலாம். இந்த மாதிரி நினைவுகள் ஆட்கள் மாறினாலும் போகாது.

ஊர் கூடினால் தேர் நகரும் என்போம். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மன் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்தார். 1913-ல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, 8 பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் வலுவில் சுமார் பாதியைத்தான் போட்டார்கள். ஒருவரோடொருவர் சரியாகச் சேர்ந்து இழுக்க முடியாதது ஒரு காரணம். 1979-ல் சமூக உளவியலாளர் லாடானேயும் சக ஆய்வாளர்களும் ஆட்களைக் கத்தவும் கைதட்டவும் வைத்து இன்னொரு காரணத்தை உறுதி செய்தார்கள்: மற்றவர்களும் சேர்ந்து கத்துகிறார்கள் என்று நினைத்தாலே ஒருவர் குறைவாகக் கத்துகிறார். தன் பங்கு தனியாகத் தெரியாதபோது முயற்சி குறைகிறது. ‘இது நம் எல்லோருடைய பொறுப்பு’ என்று மீட்டிங்கில் சொல்லி முடிக்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள்.

சரி, சூழலை மாற்றினால் அதே ஆட்கள் மாறுவார்களா? இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் கார் ஆலை. ஜெனரல் மோட்டார்ஸ் நடத்தியபோது அங்கே நாள்தோறும் ஐந்தில் ஒருவர் வேலைக்கே வரமாட்டார் என்ற நிலை. தரமும் மோசம், நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் ஓயாத சண்டை. 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவுடன் சேர்ந்து நும்மி என்ற பெயரில் திறந்தபோது, வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், அதே சங்கம். கொஞ்ச காலத்திலேயே வராதவர் விகிதம் ஒற்றை இலக்கத்தின் அடிப்பகுதிக்கு இறங்கியது, தரம் டொயோட்டாவின் மற்ற ஆலைகளோடு ஒப்பிடும் அளவுக்கு வந்தது. கோளாறு கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்பது அங்கே கொண்டுவந்த பெரிய மாற்றங்களில் ஒன்று. எல்லோரும் கயிற்றைப் பற்றித்தான் பேசுவார்கள். கயிற்றை இழுத்ததும் குழுத் தலைவர் ஓடிவந்து என்ன உதவி வேண்டும் என்று நின்றார் என்பதுதான் விஷயம். இதைத் தன் மற்ற ஆலைகளுக்கு எடுத்துச் செல்ல ஜெனரல் மோட்டார்ஸ் பட்ட பாடு பெரியது. கயிறு வாங்குவது சுலபம், ஓடிவரும் ஆளை எங்கே வாங்குவது?

உங்கள் விஷயத்தில் கயிற்றை இழுத்தவர் அந்த இளம் பொறியாளர். நீங்கள் ஓடிவந்தீர்கள், ஆனால் கயிற்றை அவர் கையிலேயே கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

நடத்தையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு ஒரு கணக்கையும் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் நான் சொல்வதெல்லாம் வீண். ‘சொன்ன தேதி’ என்கிறீர்களே, அது யார் சொன்ன தேதி? வேலை செய்பவர்களைக் கேட்டு வைத்ததா, விற்பனைப் பிரிவு வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு வந்ததா? ஒரே நேரத்தில் எத்தனை ப்ராஜெக்ட் ஓடுகிறது, ஒருவர் எத்தனையில் கால் வைத்திருக்கிறார்? 38 பேர் செய்யக்கூடியதைவிட அதிகமான வேலையை ஏற்றுக்கொண்டிருந்தால், அது கூட்டல் கழித்தல் பிரச்சினை. அதை மனப்பான்மைப் பிரச்சினை என்று சொல்வது அநியாயம். உண்மையிலேயே மற்றவர்களை மட்டம் தட்டிக் குழுவைக் கெடுக்கும் ஓர் ஆள் இருந்தால் அதையும் நேருக்கு நேர் பேசித்தான் ஆக வேண்டும். சூழல் சூழல் என்று சொல்லி அவரைக் காப்பாற்ற நான் வரவில்லை. உங்கள் கடிதத்தில் அப்படி யாரும் தட்டுப்படவில்லை.

என்ன செய்யலாம்? பிரச்சினையைச் சொன்னவரே அதன் சொந்தக்காரர் ஆகமாட்டார் என்று முதலில் அறிவியுங்கள். சொல்வது ஒரு வேலை, தீர்ப்பது வேறொரு வேலை. யார் தீர்ப்பது என்பதைத் தனியாக முடிவு செய்யலாம். மீட்டிங்கின் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். பச்சையை யாரும் வாசிக்க வேண்டாம், தாளில் இருக்கட்டும். ‘இந்த வாரம் எந்தத் தேதி மேல் உங்களுக்கு நம்பிக்கை குறைந்தது?’ என்று தொடங்குங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் யாரும் பேச மாட்டார்கள். அந்த அமைதியைக் கண்டு பதறி நீங்களே பேசி நிரப்பிவிடாதீர்கள். வேண்டுமானால் உங்கள் பக்கத்துத் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்கலாம். ஆனால் ஒரு தேதியை மதிப்பிடும்போது மட்டும் நீங்கள் கடைசியில் பேசுங்கள். தலைவர் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் பிறகு மேசையில் வேறு எண் வராது. பச்சை சொல்பவரிடமும் ‘எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள், சிவப்பு சொல்பவரிடம் கேட்கும் அதே குரலில்.

ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் சிக்கல் முதன்முதலில் எந்தத் தேதியில் பேசப்பட்டது என்று குறித்து வையுங்கள். முடிவுத் தேதிக்கு எத்தனை நாள் முன்பு என்பதை மட்டும் பாருங்கள். பத்து நாள் இருபதானால் முன்னேற்றம், ப்ராஜெக்ட் தாமதமானாலும்கூட. அடுத்த விருதையும் இதை வைத்துக் கொடுக்கலாம். மூன்று குழுக்களுக்கும் தனித்தனி இலக்கு இருந்தால் அதைக் குறைத்து, மூவருக்கும் பொதுவான ஒரே தேதியை அப்ரைசலில் சேருங்கள். மெயில் தானாகக் குறைகிறதா என்று பார்ப்போம்.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் வேலை செய்தால் முதலில் நிலைமை மோசமானது போலத் தெரியும். சிவப்பு கூடும். எட்மண்ட்சன் பார்த்த நல்ல மருத்துவமனைக் குழுக்கள் ஞாபகம் இருக்கட்டும். மேலே இருப்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், இரண்டாவது மாதம் உங்களைக் கூப்பிட்டு ‘நீங்கள் வந்த பிறகுதான் இவ்வளவு சிவப்பு’ என்பார்கள்.

அப்படியே ஒரு கேள்வி, பதில் எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேலதிகாரியிடம் நீங்கள் மாதாமாதம் கொடுக்கும் ரிப்போர்ட் என்ன நிறம்? கீழே இருப்பவர்கள் உங்களிடம் செய்வதை நீங்கள் மேலே செய்துகொண்டிருந்தால், உங்கள் குழு அதை எப்போதோ கண்டுபிடித்திருக்கும்.

கடைசியாக ட்ரெயினிங். என் தொழிலின் தொடக்கத்தில் நானும் இதைத்தான் விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு நிறுவனத்தில் இரண்டு நாள் நேர்மறை மனப்பான்மை வகுப்பு எடுத்தேன். கைதட்டல், குழுப் படம், எல்லாம் உண்டு. கிளம்பும்போது வயதில் மூத்த ஓர் ஊழியர் பக்கத்தில் வந்து, ‘நீங்க சொன்னதெல்லாம் சரிதான் சார். எங்க மேனேஜர் இந்த ரூமுக்குள்ளயே வரலையே’ என்றார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து விசாரித்தேன், எதுவும் மாறியிருக்கவில்லை. ட்ரெயினிங்கே வீண் என்றும் சொல்லமாட்டேன். 1977-ல் டெனரீஃப் விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்குமோ என்ற சந்தேகத்தை விமானப் பொறியாளர் வாய்விட்டுக் கேட்டும் கேப்டன் நிற்கவில்லை. இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு 1979-ல் நாசா கூட்டிய பட்டறையிலிருந்து விமானக் குழுக்களுக்கான பயிற்சி முறை உருவானது, இன்று உலகம் முழுக்க அது நடைமுறை. அது நிலைத்ததற்குக் காரணங்களில் ஒன்று, கீழே இருப்பவர்களுக்குத் துணிந்து பேசு என்று சொல்வதோடு நிற்காமல், கேப்டன்களையும் அதே அறையில் உட்கார வைத்துக் கேட்கப் பழக்கியது. நிர்வாகம் ட்ரெயினிங் என்று பிடிவாதமாக நின்றால், முதல் வரிசையில் நீங்களும் உங்கள் மேலதிகாரியும் இரண்டு நாளும் உட்காருவதாக இருந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தள்ளிப்போடுங்கள்.

அதற்கு முன்பு அந்த இளம் பொறியாளரிடம் பேசிவிடுங்கள். உங்கள் அறைக்கு அழைக்க வேண்டாம். அவர் இடத்துக்குப் போங்கள். ‘அன்று நீங்கள் சொன்னது சரி. நான் அதை உங்கள் தலையிலேயே கட்டியது தப்பு. மாலை ரிப்போர்ட் இனி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதும். ‘இனிமேல் தயங்காமல் பேசுங்கள்’ என்று சேர்க்காதீர்கள். அவர் ‘பரவாயில்லை சார்’ என்பார். நம்பாதீர்கள். அடுத்த முறை அவர் ஏதாவது சின்ன விஷயத்தை, ஒரு திருகாணி வரவில்லை என்கிற அளவுக்குச் சின்னதை, உங்களிடம் சொல்லிப் பார்ப்பார். அப்போது உங்கள் முகத்தைப் பக்கத்து மேசையிலிருந்தும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.